புன்னகை இருக்கு, பில் எங்கே?

போன செமஸ்டர் மார்க்கெட்டிங் பேப்பருக்கு ஒரு கேஸ் ஸ்டடி கொடுத்தார்கள். கானா நாட்டுக் கைவினைக் கலைஞர்களிடம் கண்ணாடி மணி வளையல்கள் வாங்கி, லண்டனில் ஒரு சின்னக் கடையிலும் இணையத்திலும் விற்கிற கற்பனைக் கம்பெனி. 'ஃபேர் ட்ரேட்' என்ற பெயரில் எப்படி விற்பது என்று திட்டம் போட வேண்டும். எங்கள் குழுவில் ஐந்து பேர். இருபது ஸ்லைடு. முதல் ஸ்லைடில் சிரிக்கிற பெண்ணின் படம், கீழே 'நீங்கள் வாங்கும் ஒவ்வொரு வளையலும் ஒரு குடும்பத்தின் கனவு' என்று ஒரு வாசகம் (எழுதியவன் அடியேன்தான்). கைதட்டல் கிடைத்தது. மார்க்கும் கிடைத்தது.

ரூமுக்கு வந்து லேப்டாப்பை மூடும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வளையலுக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பது இருபது ஸ்லைடில் ஒன்றில்கூட இல்லை. காஸ்ட் ஷீட்டில் 'கொள்முதல்' என்று ஒரே ஒரு வரி. மணி, நூல், ஏஜென்ட் கமிஷன், அவருடைய கூலி எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள். காஸ்ட் அக்கவுண்டிங் படித்துவிட்டு வந்த ஐந்து பேர் போட்ட லட்சணம் இது. கேட்டுக்கொண்டிருந்த அறுபது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து 'ஆப்பிரிக்கக் கலைஞர்களின் கைவண்ணம், ஃபேர் ட்ரேட்' என்று விற்கிற வெளிநாட்டுக் கடைகளின் பக்கங்களை மேய்ந்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் நாங்கள் போட்ட அதே இருபது ஸ்லைடுதான். கலைஞரின் பெயர் இருக்கு, படம் இருக்கு, எத்தனை குழந்தைகள் என்பது வரை இருக்கு. கூலி மட்டும் இல்லை. ஆகவே சொல்கிறேன்: விலையும் பணம் கொடுக்கும் விதமும் தெரியாத ஃபேர் ட்ரேட், ஃபேர் ட்ரேடே இல்லை. அது கதை வியாபாரம். வளையல் அதற்கு இலவச இணைப்பு.

முதலில் அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். கானாவின் கிழக்கு மாநிலத்தில் ஒடுமாசே, சோமான்யா பக்கம் வாழ்கிற க்ரோபோ மக்கள் கண்ணாடித்தூள் மணிக்குப் பேர் போனவர்கள். பழைய பாட்டில்களை இடித்து மாவாக்குகிறார்கள். களிமண் அச்சில் ஒட்டாமல் இருக்க வெள்ளைக் களிமண் பூசி, குழிகளில் தூளை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலையின் காம்பைச் செருகுகிறார்கள். சூளையில் காம்பு எரிந்துபோய் அந்த இடம் ஓட்டையாக நின்றுவிடும், நூல் கோக்க. அந்தச் சூளைகளும் பெரும்பாலும் கறையான் புற்றுமண்ணால் கட்டியவை. வெளியே எடுத்த மணியை மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். 'டிப்போ' என்ற சடங்கில், வயதுக்கு வரும் க்ரோபோ பெண்கள் இந்த மணிகளைச் சரம் சரமாக அணிகிறார்கள்.

அதாவது இதில் நேரம் இருக்கிறது, விறகு இருக்கிறது, சூளையில் உடைந்துபோகும் மணிகளின் நஷ்டம் இருக்கிறது. நம் பாடத்தில் டைரக்ட் லேபர், ஓவர்ஹெட், நார்மல் லாஸ் என்று படிக்கிறோமே, அத்தனையும் இருக்கிறது. ஆனால் கடை அட்டையில் 'பாரம்பரியம்', 'அன்பு', 'நம்பிக்கை' மட்டும்தான் இருக்கிறது. அன்புக்கு விலை கேட்டால் அசிங்கமாகிவிடும் இல்லையா, அதனால் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கடுப்பு. இவர்களை ஏதோ வெளியுலகமே தெரியாத அப்பாவிகள் மாதிரிக் காட்டுவது. கென்யாவிலும் தான்சானியாவிலும் மாசாய் பெண்கள் கோக்கிற பாசிமணிகளில் பெரும்பகுதி செக் நாட்டிலிருந்து வருவது. மேற்கு ஆப்பிரிக்காவில் வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணிகள் பல நூற்றாண்டு புழங்கியிருக்கின்றன. கானாவின் கோஃபொரிடுவாவில் வாரா வாரம் வியாழக்கிழமை மணிச்சந்தை கூடுகிறது. பேரம், தரம், மொத்த விலை, சில்லறை விலை எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சப்ளையர்கள். சப்ளையரிடம் பரிதாபப்படக் கூடாது, பில்லை செட்டில் பண்ண வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

'நாங்கள் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு தருகிறோம்' என்று சில கடைகள் பெருமையாகப் போட்டிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2025-ல் கானா அரசு அறிவித்த குறைந்தபட்ச தினக்கூலி 19.97 சேடி. அமெரிக்கப் பணத்தில் இரண்டு டாலருக்கும் குறைவு. அதன் இரண்டு மடங்கு நான்கு டாலரைத் தொடாது. லண்டனில் ஒரு காபிக்கும் பன்னுக்கும் காணாது. 'இரண்டு மடங்கு' என்பது பதில் இல்லை, 'எதன் இரண்டு மடங்கு' என்பதுதான் கேள்வி.

அடுத்தது, 'கூலியை ஏற்றினால் விலை எகிறிவிடும், வாடிக்கையாளர் ஓடிவிடுவார்' என்ற வாதம். இங்கேதான் நம் படிப்பு கொஞ்சம் உதவுகிறது. கணக்குக்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு வளையலுக்குச் செய்தவருக்கு 2 பவுண்டு. பேக்கிங், விமானக் கட்டணம், சுங்கச் செலவு சேர்த்து இன்னொரு 2. ஆக லண்டனில் இறங்கும்போது 4. இறக்குமதியாளர் இரட்டிப்பாக்கி 8-க்குக் கடைக்கு விற்கிறார். கடைக்காரர் இரட்டிப்பாக்கி 16-க்கு விற்கிறார். அவர்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. வாடகை, சம்பளம், விற்காமல் தேங்கும் சரக்கு, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அந்த இரட்டிப்புக்குள்தான் இருக்கிறது.

இப்போது செய்தவருக்கு ஒரு பவுண்டு கூட்டிக் கொடுங்கள். இறங்கும் விலை 5. இரட்டித்தால் 10. மறுபடி இரட்டித்தால் 20. செய்தவருக்குப் போனது ஒரு பவுண்டு, வாடிக்கையாளருக்கு ஏறியது நான்கு! பிறகு 'பார்த்தீர்களா, கூலியை ஏற்ற முடியாது' என்று கையை விரிப்பார்கள். ஏற்ற விடாதது கூலி இல்லை, சதவீத மார்ஜின். க்ரோபோவில் ஒருவருக்கு ஒரு பவுண்டு அதிகம் கிடைத்ததால் லண்டனில் கடை வாடகை ஏறியதா? கரன்ட் பில் ஏறியதா? அந்த ஒரு பவுண்டை அப்படியே ஒரு பவுண்டாகக் கடத்தினால், விற்பனை வரி, கார்டு கமிஷன் எல்லாம் சேர்த்தும் வளையல் 17.50 தாண்டாது. கூலி ஐம்பது சதவீதம் ஏறுகிறது. விலை பத்து சதவீதம்கூட ஏறவில்லை. இதைச் செய்ய ஒரு எக்செல் ஷீட்டும் கொஞ்சம் மனசும் போதும்.

கூலியை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதே இல்லை. பணம் எப்போது வருகிறது?

லண்டன் கடை 500 வளையலுக்கு ஆர்டர் கொடுக்கிறது, சரக்கு வந்து அறுபது நாள் கழித்துப் பணம் என்கிறது என்று வையுங்கள். பாட்டில், விறகு, நூல், உதவிக்கு வந்தவர் கூலி எல்லாவற்றையும் மணி செய்பவர் முதலில் கையிலிருந்து போட வேண்டும். செய்ய ஒரு மாதம், போய்ச்சேர சில வாரம், அப்புறம் இந்த அறுபது நாள். ஆக நாலு மாதம் போல, ஒடுமாசேயில் இருக்கிற ஒருவர் லண்டன் கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்! யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று இப்போது சொல்லுங்கள்.

2023-ல் பாங்க் ஆஃப் கானாவின் கொள்கை வட்டி விகிதம் 30 சதவீதம். அதே ஆண்டு பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் உச்ச விகிதம் 5.25. வங்கிகளுக்கே 30 என்றால் சூளை வைத்திருப்பவருக்கு எவ்வளவுக்குக் கடன் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலிவாகக் கடன் வாங்க முடிந்தவர் லண்டன்காரர். கடன் சுமையைத் தூக்குபவர் கானாக்காரர். உலக ஃபேர் ட்ரேட் அமைப்பு வைத்திருக்கும் பத்து கொள்கைகளில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது: கைவினைப் பொருள் என்றால், செய்பவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும். என்னைக் கேட்டால் ஃபேர் ட்ரேடின் உயிர் இந்த ஒரு வரிதான். எந்தக் கடையின் அட்டையிலாவது இதைப் பார்த்திருக்கிறீர்களா? 'பாதிப் பணம் முன்னாலேயே கொடுத்துவிட்டோம்' என்று? நான் இன்னும் பார்க்கவில்லை. போட்டோவில் அது அழகாக விழாது போல.

'அதற்குத்தான் முத்திரை இருக்கிறதே' என்பீர்கள். காபி, கோகோ, வாழைப்பழத்தில் பார்க்கிற 'ஃபேர்ட்ரேட்' முத்திரை (ஒரே சொல், அதுதான் டிரேட்மார்க்) கைவினைப் பொருளுக்குக் கிடையாது. காபிக்கு உலகச் சந்தை விலை உண்டு, அதை வைத்து ஒரு அடிமட்ட விலை நிர்ணயிக்கலாம். வளையலுக்கு அப்படி ஒரு சந்தை விலை ஏது? உலக ஃபேர் ட்ரேட் அமைப்பு பொருளைத் தனித்தனியாக அளக்காமல் நிறுவனத்தையே சோதித்துச் சான்று தருகிறது. அந்தச் சான்று இருந்தால் நல்லது. ஆனால் 'ஃபேர் ட்ரேட்' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து அட்டையில் அச்சடிக்கப் பிரிண்டரும் மையும் போதும். நாங்களே கேஸ் ஸ்டடியில் அதைத்தான் செய்தோம்.

இனி வழக்கமான பதில்கள்.

'கதை சொல்லாவிட்டால் விற்காது.' சொல்லுங்கள் சாமி, வேண்டாம் என்றா சொன்னேன்? புற்றுமண் சூளை, மரவள்ளிக் காம்பு, இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள். வறுமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

'ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லையே.' இது தர்மத்துக்குச் சரி. நீங்கள் தர்மம் செய்யவில்லை, 16 பவுண்டு வாங்குகிறீர்கள். அதுவும் 'நியாயம்' என்ற சொல்லைக் காட்டி, பக்கத்துக் கடை மிஷின் வளையலைவிட அதிகம் வாங்குகிறீர்கள். அந்த அதிகப்படி யாருக்குப் போகிறது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை இருக்கிறது.

'சின்னக் கடைகள் சான்றிதழுக்கும் ஆடிட்டுக்கும் செலவு செய்ய முடியாது.' இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நேர்மையாக நடத்துகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. அவர்களை நசுக்குவது என் நோக்கமில்லை. அதனால்தான் நான் சான்றிதழ் கேட்கவில்லை. அட்டையில் மூன்று வரி கேட்கிறேன். இதைச் செய்ய எத்தனை நேரம் ஆனது, செய்தவருக்கு எவ்வளவு கொடுத்தோம். முன்பணம் எத்தனை சதவீதம். இவரிடம் இது எத்தனையாவது ஆர்டர். அவ்வளவுதான்.

மூன்றாவது வரி ஏன் என்றால், ஒரே ஒரு பெரிய ஆர்டர் கொடுத்து, அதை நம்பி அவர் இன்னொரு சூளை கட்டியபின் காணாமல் போகிறவர்கள்தான் ஆர்டரே கொடுக்காதவர்களைவிட மோசம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2004-ல் ப்ரியா ஹாஜியும் சித்தார்த் சங்வியும் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் குட்' என்ற நிறுவனம், இதற்காகவே இணையத்தில் ஒரு கூலிக் கணிப்பானை வெளியிட்டது. எந்த நாடு, செய்ய எத்தனை நேரம், கொடுத்த விலை எவ்வளவு என்று போட்டால், அந்த ஊர்க் கூலியோடு ஒப்பிட்டுக் காட்டும். அந்த பிராண்டை 2010-ல் ஈபே வாங்கிக்கொண்டது. ஆக, கணக்குப் போட முடியாமல் இல்லை. போட்டால் வெளியே காட்ட வேண்டியிருக்குமே என்பதுதான் சங்கடம்.

எங்கள் காஸ்ட் ஷீட்டை மறுபடி திறந்து, 'கொள்முதல்' என்ற வரியை ஐந்தாகப் பிரித்து எழுதினேன். கூலிக்குத் தனி வரி, முன்பண வட்டிக்குத் தனி வரி. லாபம் குறைந்தது. ஆனால் கம்பெனி திவாலாகவில்லை. அந்தக் கனவு வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டேன், அதற்கு இனி அங்கே வேலை இல்லை.

டிஸ்கி: மார்க் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், திருத்திய ஷீட்டை வாங்க மாட்டார்களாம். அடுத்த செமஸ்டர் இதே கேஸ் ஸ்டடி வரும் ஜூனியர்கள் கேட்டால் தருகிறேன். கூலி வரியை அழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் :-)