பள்ளித் தோட்டமும் மே மாதத் தண்ணீரும்

பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை என்றால் நம் வியாபாரிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது சுவர்க் கடிகாரம், மின்விசிறி, பீரோ. உபயதாரர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வானூர் வட்டாரத்து அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தங்கள் கையால் தோட்டம் போட நாம் தரக்கூடியது வேறு. அதற்குப் பெயர்ப் பலகையும் தேவைப்படாது.

2019 அக்டோபரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளைந்ததை மதிய உணவில் சேர்ப்பது அதன் நோக்கம். 1982 முதல் சத்துணவு நடக்கும் தமிழ்நாட்டுக்கு இது எளிதாகப் பொருந்தும். நம் பக்கத்திலேயே முன்மாதிரியும் உண்டு. 1968ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் மரமற்ற செம்மண் பொட்டல். அங்குள்ள பிச்சாண்டிகுளம் வனக் குழுவினர் பிற்பாடு மரக்காணம் பக்கம் நடுக்குப்பம் அரசுப் பள்ளியோடு சேர்ந்து பிள்ளைகளுக்குச் செடி கொடிகளைக் கற்றுக் கொடுத்தனர். அதற்கு ஓர் அமைப்பின் பலம் இருந்தது. இரண்டே ஆசிரியர்கள் உள்ள சாதாரணப் பள்ளிக்கு யார் துணை? எதிரே கடை வைத்திருக்கும் நாம்தான்.

விதைக்கு எங்கும் போக வேண்டாம். மளிகைக் கடைச் சாக்கிலேயே வெந்தயம், கொத்தமல்லி, கொள்ளு, பாசிப்பயறு எல்லாம் இருக்கின்றன. வெந்தயம் சில நாளில் முளை காட்டும்; ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வேகம் வேண்டும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவச் சொல்லுங்கள். உளுந்து கொடுத்தால் முழு உளுந்தாகக் கொடுங்கள். உடைத்த பருப்பு முளைக்காது. காலி எண்ணெய் டின், பழைய சாக்கு, காய்கறிக் கடைக் கழிவு, எண்ணெய்க் கடைப் புண்ணாக்கு எதுவும் வீணாகாது.

ஆனால் உண்மையான சிக்கல் விதையில் இல்லை, விடுமுறையில் இருக்கிறது. கீரை ஒரு மாதத்துக்குள் அறுவடையாகிவிடும். ஐப்பசி மழையில் வைத்த கறிவேப்பிலைக் கன்றும் பப்பாளியும் முதல் கோடையைத் தாண்டினால்தான் பிழைக்கும். ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டப்படுகிறது; ஜூனில் திரும்பி வரும் பிள்ளை காய்ந்த குச்சியைப் பார்க்கிறது. ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றிய குழந்தைக்கு அடுத்த வருஷம் மனம் வருமா? மே மாதத்திலும் காலையில் திறப்பது நம் கடைதான். வாசல் தெளிக்கும்போது கூட இரண்டு குடம் போதும். உப்பளம் ஒட்டிய ஊர்களில் கிணற்று நீர் கரித்தால் நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்ற வேண்டும். சாவி விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முறைப்படி முடிவு செய்துகொள்வது நல்லது.

பிள்ளைகள் காய் விளைவித்தால் நம் காய்கறி வியாபாரம் படுத்துவிடும் என்று சில அன்பர்கள் பயப்படலாம். நாலு பாத்தி வெண்டையால் எந்தக் கடையும் மூடப்பட்டதில்லை. பள்ளி வாசலில் கலர் கலராகத் தின்பண்டப் பொட்டலங்களைச் சரம் சரமாகத் தொங்கவிடுவதும் நாம்தான்; அந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஜூனில் பள்ளி திறந்தவுடன் மண் கொத்தினால் ஆடிப் பட்டத்துக்குப் பாத்தி தயாராகிவிடும். கோடைத் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்க விரும்பும் உறுப்பினர்கள் ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் தலைமையாசிரியரை நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு பள்ளிக்கு இரண்டு கடைகள் இருந்தால், ஒருவர் வெளியூர் போகும் வாரத்தை மற்றவர் பார்த்துக்கொள்வார்.