மறதிக்கு அறுபது வயதாக வேண்டுமா?

டிமென்ஷியாவா? அது கிழடுகளுக்கு வருவது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது ஊர். 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டாக்டர் அல்சைமரிடம் வந்த அகஸ்டே டெட்டருக்கு வயது 51 தான்! அந்த டாக்டர் பெயரால் வழங்கும் நோய் முதலில் எழுதப்பட்டதே அந்த நடுவயதுப் பெண்ணை வைத்துத்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஐம்பது வயது விவசாயிக்கு இது வந்தால்? மடையைத் திறந்தவர் அடைக்க மறப்பார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கில் தடுமாறுவார். "குடிச்சிருக்கான்" என்பார்கள். முன்மூளையைத் தாக்கும் வகை இன்னும் கொடுமை. ஆரம்பத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், குணம்தான் மாறும். சம்பந்தியையே வாய்க்கு வந்தபடி பேசுவார். "திமிரு" என்று பட்டம் கட்டியாகிவிடும். அப்புறம் குணசீலம் கோயில். போகட்டும், தப்பில்லை. ஆனால் தைராய்டு கோளாறு, பி12 குறைபாட்டாலும் இதே போன்ற தடுமாற்றம் வரலாம், அவற்றுக்கு மருந்து உண்டு. கோயிலுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்ன?

அரசாங்கமும் ஊரைப் போலத்தான். இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்றது 2023-ல் வெளியான ஆய்வு. எண்ணியது 60 வயதைத் தொட்டவர்களை மட்டும்! முதியோர் பென்ஷனும் அறுபதில்தான். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம். நல்லது. நடவுக்குப் போகிறவளுக்கு? நாற்று வரிசை பிசகினால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். அவளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை நிறுத்துவதும் மகளாகத்தான் இருப்பாள்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள். "இந்த ஆறு மாசத்துல இவர் நடவடிக்கை மாறியிருக்கா?" என்று அப்போதே கேட்டுவிட எத்தனை கோடி செலவாகும்?