மெத்தென்று இருந்தால் மட்டும் போதுமா?



பௌர்ணமி கிரிவலமும் கார்த்திகை தீபமும்தான் நமது ஊர் வியாபாரத்தின் உயிர்நாடி. அந்தக் கூட்டத்தை நம்பி டிபன் கடைகளும் டீக்கடைகளும் பெருகின. அவற்றோடு ஒரு புதுச் சரக்கும் நமது மளிகைக் கடைகளுக்குள் நுழைந்துவிட்டது. அதுதான் டிஷ்யூ பேப்பர்.

இதற்குக் காரணம் உண்டு. செய்தித்தாளில் உணவுப் பண்டங்களை மடித்துத் தரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. வடைக்கடைக்காரர் எண்ணெய் ஒற்ற ஏதாவது வேண்டுமே! நம்மிடம்தான் வருகிறார்.

ஆனால் நாம் இந்தச் சரக்கை எப்படிக் கொள்முதல் செய்கிறோம்? பாக்கெட்டை அமுக்கிப் பார்க்கிறோம். மெத்தென்று, பருமனாக, விலை மலிவாக இருந்தால் வாங்கிவிடுகிறோம். அடியேனும் அப்படித்தான் வாங்கினேன். ஒரு தீபத் திருவிழாவின்போது அன்னதானம் செய்த அன்பர்கள் கைதுடைக்கத் தாள் கேட்டார்கள். மலிவான சுருள் ஒன்றைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தேன். அது கழிப்பறைக்கான ரகம். ஈரக்கையில் பட்டதும் கரைந்து விரலோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. அனுப்பியவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தவறு இருவர் மீதும்தான்.

பிறகுதான் இந்தத் தாளின் சூட்சுமத்தை விசாரித்தேன். தாள் என்பது மரத்திலோ புல்லிலோ உள்ள செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால் தாள் வலுப்பெறும். ஆனால் விறைத்துப் போகும். பிடி தளர்ந்தால் மென்மையாகும். ஆனால் எளிதில் கிழியும். மென்மை, வலிமை, எடைக்குறைவு மூன்றும் ஒரே தாளில் சேர்வது எளிதல்ல. அதற்காகவே குளிர்நாட்டு பைன் மரத்தின் நீள நாரை வலிமைக்கும், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் குட்டை நாரை மென்மைக்கும் கலக்கிறார்கள். பிடியைத் தளர்த்தும் மருந்து ஒன்று. ஈரத்தில் கரையாமலிருக்கப் பிசின் ஒன்று. கடைசியில் நீராவியால் சூடேற்றிய பெரிய உருளையில் தாளை ஒட்டி உலர்த்தி, கத்தியால் சுரண்டி எடுக்கிறார்கள். அப்போது விழும் நுண்ணிய சுருக்கங்களே அந்தப் பொசுபொசுப்பைத் தருகின்றன. கழிப்பறைத் தாள் நீரில் கரைய வேண்டும் என்பதால் அதற்கு அந்தப் பிசின் சேர்ப்பதில்லை.

ஆக, பருமன் என்பது தரத்துக்குச் சாட்சி அல்ல. சுருக்கமும் பூவேலை அழுத்தமும் பருமனைக் கூட்டிக் காட்டும். நம்மிடம் தராசு இருக்கிறதே! ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. 30 செ.மீ. சதுரம், இரண்டு அடுக்கு, 100 தாள், அடுக்குக்கு 16 ஜி.எஸ்.எம். என்று சொல்லி ஒருவர் விற்றால், உறை நீங்கலாக 288 கிராம் இருக்க வேண்டும். 220 கிராம்தான் இருக்கிறதென்றால் அளவிலோ எண்ணிக்கையிலோ கனத்திலோ குறை இருக்கிறது. மலிவு எங்கிருந்து வந்தது என்பது அப்போதே விளங்கும்.

இன்னொரு சோதனை, கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கு. அதன் கீழ் தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. பழைய ஆபீஸ் காகிதத்தை அரைத்துச் செய்த தாளில் இது பெரும்பாலும் இருக்கும். மேஜை துடைக்க அது போதும்; வடை, பஜ்ஜி வைக்க வேண்டாம். அதற்குப் புது நாரில் செய்த, உணவுக்கென்றே குறித்த தாளையே கொடுங்கள். வாழையிலையும் மந்தாரை இலையும் கிடைக்கும் ஊரில் அவற்றை மறக்கவும் வேண்டாம்.

சரக்கை வைக்கும் இடமும் முக்கியம். இந்தத் தாள் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கற்பூரம், ஊதுவத்தி, பினாயில் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

மூலப்பொருளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. 1979-இல் நிறுவப்பட்டு, கரூர் அருகே காகிதபுரத்தில் 1984 முதல் உற்பத்தி செய்துவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து அச்சுக் காகிதமும் எழுதும் காகிதமும் செய்து காட்டியிருக்கிறது. சக்கை நாரும் குட்டை நாரே. கரும்பு விளையும் நமது மாவட்டத்துக்கு அருகிலேயே டிஷ்யூ ஆலைகள் பெருக அரசும் தொழில் முனைவோரும் எண்ண வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை இல்லாத பாக்கெட்டை எவரும் விற்கக்கூடாது. இதோடு, அளவு, அடுக்கு, ஜி.எஸ்.எம்., புது நாரா மறுசுழற்சியா என்பதையும் பில்லில் எழுதித் தரும்படி மொத்த வியாபாரிகளை நமது சங்கம் ஒருமுகமாகக் கேட்க வேண்டும். தனிக்கடை கேட்டால் "வேண்டாமென்றால் விடுங்கள்" என்பார்கள். ஊரே கேட்டால் எழுதித்தான் தருவார்கள்.

மலை சுற்ற வரும் பக்தர் மறுபௌர்ணமிக்கும் வருவார். நமது கடைக்கும் வர வேண்டுமல்லவா?