எக்கணிதத்தைக் கற்பது?

சாதாரண தரத்திற் சித்தியெய்தி உயர்தர வகுப்பிற் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எக்கணிதத்தைக் கற்பது என்பதே. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இல்லங்கள் பலவற்றில் இவ்வினாவிற்கு விடை பகர்வது மாணவரின் ஆற்றலன்று. பொறியியலாளர் என்னும் பெயர்மீது பெற்றோர் கொண்ட ஆசையே. இது தகாது என்பது எமது துணிபு.

இணைந்த கணிதத்திற்கு இரு வினாத்தாள்கள் உள. முதலாவது நுண்கணிதம், திரிகோணகணிதம் முதலியவற்றையும், இரண்டாவது நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு முதலியவற்றையும் தழுவியன. இவை யாவற்றிற்கும் அடித்தளம் அட்சரகணிதமாகும். படிமுறைகளை மனனஞ்செய்து பெற்ற உயர்ந்த புள்ளி இங்கு துணை செய்யாது. ஆகவே, துறையைத் தெரியுமுன் இரு வாரங்களேனும் சமன்பாடுகளையும் சமனிலிகளையும் பிறர் உதவியின்றிச் செய்து பார்த்தல் வேண்டும். தவறினும் மீண்டும் முயலும் விருப்பு எழுமாயின், துணிந்து கற்கலாம். எழாதாயின் வேறு வழிகள் உள. வணிகத்துறையில் வணிகப் புள்ளிவிபரவியல் உண்டு. அதனைத் தாழ்வாக எண்ணுதல் பேதைமை.

அச்சத்தால் மட்டும் கணிதத்தைத் துறப்பதும் நன்றன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியருமாவார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பண்டைத் தமிழிசையின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். தமிழார்வமும் கணிதமும் பகையல்ல.

விழா எடுக்கும் பழைய மாணவராகிய நாம், ஆண்டுதோறும் புதுமுக மாணவரோடும் பெற்றோரோடும் அமர்ந்து இவற்றை எடுத்துரைப்போமாக. கல்லூரிக்கு நாம் செலுத்தும் கடனில் இதுவும் ஒன்று.