அங்கீகார ரத்து யாருக்குத் தண்டனை?

மே மாதம் வந்தால், அங்கீகாரம் இல்லாத பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று கல்வித் துறை பெற்றோரை எச்சரிப்பது தமிழகத்தில் வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கை தேவையானதுதான். ஆனால், அத்தகைய பள்ளிகளில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு அந்த அறிவிப்புகளில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

வகுப்பில் வரிச்சுமை குறித்துக் கற்பிக்கும்போது, வரியைச் செலுத்துபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதையே நான் முதலில் சொல்வதுண்டு. விற்பவர்மீது விதிக்கப்படும் வரி, விலையில் ஏறி வாங்குபவரிடம் போய்ச் சேர்கிறது. பள்ளியின் அங்கீகார ரத்தும் அத்தகையதே. உத்தரவு நிர்வாகத்தின் பெயருக்கு வருகிறது. மாற்றுச் சான்றிதழுக்கு அலைவதும், புதிய பள்ளிக்கு மீண்டும் கட்டணம் கட்டுவதும், பாதி ஆண்டில் பாடநூலும் பயிற்று மொழியும் மாறித் தடுமாறுவதும் பெற்றோரும் பிள்ளைகளும்தான். சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி நகரில், வாரக் கூலியில் இருந்து பள்ளிக் கட்டணத்தை எடுத்து வைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய சுமையன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, விதிமீறும் பள்ளியின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற அதிகாரம் அளிக்கிறது. அதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, பள்ளியின் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்யக் கூடாது. மற்றொன்று, அங்குள்ள மாணவர்கள் அருகிலுள்ள எந்தப் பள்ளியில் சேர்க்கப்பட வேண்டும் என்பதை ரத்து உத்தரவிலேயே குறிப்பிட வேண்டும். ரத்தான பிறகும் பள்ளியை நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதமும் அபராதம்.

இரண்டாவது நிபந்தனை நல்ல நோக்கம் கொண்டது. ஆனால், உத்தரவில் ஒரு பள்ளியின் பெயரை எழுதிவிடுவது எளிது. அந்தப் பள்ளியில் இடம் இருக்கிறதா, அதே பயிற்று மொழி உண்டா, பேருந்து போகிறதா என்று பார்ப்பது கடினம். பார்த்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

மேல்முறையீடு பற்றி 18-ஆவது பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. துறைக்குள்ளேயே முறையிடும் படிகள் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் தென்மாவட்டப் பள்ளி நிர்வாகங்கள் ரிட் மனுவுடன் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. அது நிர்வாகத்துக்கான வழி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்று வழக்கறிஞரை அமர்த்தித் தன் பிள்ளையின் படிப்புக்காக வாதாடத் தறித் தொழிலாளியால் முடியுமா? அவரது கருத்தைக் கேட்கும் இடமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்தும் 21-ஆவது பிரிவு அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும். சுயநிதிப் பள்ளிப் பெற்றோருக்கு அந்தப் பிரிவின்படியான அமைப்பு கிடையாது.

இதே சிக்கலை அமெரிக்கா வேறு வடிவில் எதிர்கொண்டிருக்கிறது. அங்குள்ள 'சார்ட்டர்' பள்ளிகள் அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தின் பேரில் நடப்பவை. நம்முடைய அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஏறத்தாழ இணையானவை எனலாம். 1991-இல் மின்னசோட்டாவும் 1992-இல் கலிபோர்னியாவும் இதற்குச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் ஒப்பந்தத்தை ரத்து செய்ய விரும்பும் கல்வி மாவட்டம் முதலில் மீறலைச் சுட்டிக்காட்டி, திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். பிறகு பொது விசாரணை நடத்தி, எழுத்துபூர்வமான காரணங்களுடன் முடிவெடுக்க வேண்டும். அதன்மீது கவுண்டி கல்வி வாரியத்திடமும், அதற்குமேல் மாநில வாரியத்திடமும் முறையிடலாம். ரத்து பற்றி முடிவெடுக்கும்போது மாணவர்களின் கல்வி முன்னேற்றத்தையே முதன்மையான காரணியாகக் கொள்ள வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது.

ஓக்லாந்து நகரின் 'அமெரிக்கன் இந்தியன் மாடல்' பள்ளிகளின் வழக்கில் இது சோதனைக்கு உள்ளானது. தேர்வு மதிப்பெண்களில் மாநில அளவில் பெயர் பெற்ற பள்ளிகள் அவை. 2012-இல் நடந்த சிறப்புத் தணிக்கை, பள்ளியின் முன்னாள் இயக்குநர், அவருடைய மனைவி, அவர்களது நிறுவனங்கள் ஆகியோருக்குச் சுமார் 38 லட்சம் டாலர் சென்றதாகக் கூறியது. 2013 மார்ச் மாதம் ஓக்லாந்து கல்வி மாவட்டம் ஒப்பந்தங்களை ரத்து செய்தது. பள்ளி நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றது. மாணவர் முன்னேற்றத்துக்கு உரிய முதன்மையைக் கல்வி மாவட்டம் அளிக்கவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அந்தத் தடையை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பை முழு மனத்துடன் பாராட்ட எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தால் பொதுப்பணக் கணக்கைச் சரியாகக் காட்டாமலும் தப்பிக்கலாம் என்ற செய்தியையும் அது தரக்கூடும். ஆனால், பள்ளியை மூடும்போது மாணவர் என்னவாகிறார் என்று கேட்கும் கடமையைச் சட்டம் அங்கே கல்வி மாவட்டத்தின்மீது சுமத்தியிருந்தது. நம் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லை.

மாணவர் நலன் என்ற சொல்லைக் கேடயமாக்கியதன் விலையையும் தமிழகம் அறியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினர். ஒரே நெரிசலான கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. அவற்றில் ஒன்று அரசு உதவிபெறும் பள்ளி. அந்தச் சோகத்துக்குப் பின் பள்ளிகளுக்கான குறைந்தபட்ச நில அளவை அரசாணை வரையறுத்தது. எங்கள் ஊர் போன்ற நகராட்சியில் பத்து கிரவுண்டு, சிற்றூரில் மூன்று ஏக்கர். எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளால் இதனை நிறைவு செய்ய இயலவில்லை. அவற்றை மூடவும் இல்லை. நிபந்தனைகளை நிறைவு செய்ய வைக்கவும் இல்லை. மாணவர் நலன் கருதி என்ற வாசகத்துடன் தற்காலிக அங்கீகாரம் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. இதனை நான் கருணை என்று சொல்லமாட்டேன். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும் நிர்வாகப் பழக்கம்.

ஆகவே, மேல்முறையீடு என்றாலே தடையாணை என்றாகிவிடக் கூடாது. குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டடம் ஆபத்தானது என்றால் அன்றைக்கே பூட்ட வேண்டும். ஆனால், பூட்ட வேண்டியது கட்டடத்தைத்தான். வகுப்புகள் வேறிடத்தில் மறுநாளே தொடரலாம். நிலம் போதவில்லை, சான்று புதுப்பிக்கப்படவில்லை என்றால் கால வரம்பும் அபராதமும் போதும். பணம் கையாடப்பட்டால் கையாடியவரை வெளியேற்ற வேண்டும்.

இது நடக்காத கற்பனை அன்று. கோழிக்கோடு மலாப்பரம்பில் உதவிபெறும் பள்ளி ஒன்றை மூட அதன் மேலாளர் நீதிமன்ற ஆணை பெற்றார். உச்சநீதிமன்றம் வரை சென்றும் அரசால் அதை மாற்ற முடியவில்லை. 2016 ஜூனில் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வகுப்பு நடந்தது. பிறகு கேரள அரசு அந்தப் பள்ளியுடன் மேலும் மூன்று பள்ளிகளைத் தானே ஏற்றுக்கொண்டது. வழக்கில் தோற்ற பின்னும் பள்ளியைக் காப்பாற்ற முடிந்தது, நிர்வாகி வேறு, பள்ளி வேறு என்று அந்த அரசு கருதியதால்தான்.

தமிழகத்திலும் இந்தப் பிரிவினை புதிதன்று. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகத் தகராறு எழும்போது, செயலரை விலக்கிவைத்து ஆசிரியர்களுக்குக் கல்வி அலுவலரே நேரடியாக ஊதியம் வழங்கும் நடைமுறை நெடுங்காலமாக உண்டு. பள்ளி நடந்துகொண்டிருக்கும், தகராறு அதன் போக்கில் நடக்கும். மிஷன்களும் சமுதாயச் சங்கங்களும் நிறுவிய உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நெல்லைச் சீமையில் இதன் அருமை பலருக்கும் தெரியும். நிதியுதவி பெறுவது அடிப்படை உரிமை அன்று என 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறிவிட்ட நிலையில், மானியத்தை நிறுத்தும் அதிகாரம் அரசிடம் வலுவாகவே இருக்கிறது. அதிகாரம் வலுக்கும்போது அதனைப் பயன்படுத்தும் முறை இன்னும் கவனமாக வகுக்கப்பட வேண்டும்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், தரம் குறையும் நிறுவனத்தை விட்டு வெளியேறுவது ஒரு வழி, உள்ளிருந்தே குரல் எழுப்புவது மற்றொரு வழி என்று பிரித்துக் காட்டினார். நம் ஏற்பாட்டில் சுயநிதிப் பள்ளிப் பெற்றோருக்குக் குரல் இல்லை. வெளியேற்றமும் அவர்களது விருப்பப்படி நடப்பதில்லை, உத்தரவுப்படி நடக்கிறது.

ரத்து நடவடிக்கை தொடங்கும் நாளிலேயே பெற்றோருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். விசாரணையில் அவர்களின் பிரதிநிதி அமர வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறைகள் தவிர மற்றவற்றில் உத்தரவு கல்வியாண்டின் முடிவில்தான் நடைமுறைக்கு வர வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில் இடம் என்ற பட்டியல் உத்தரவுடன் இணைக்கப்பட வேண்டும். எமிஸ் தரவு கையில் இருக்கும்போது இது ஒரு வாரப் பணி. மேல்முறையீட்டைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அறுபது நாள்களுக்குள் முடிக்க வேண்டும். நிர்வாகத்தை மாற்றிப் பள்ளியைத் தொடர இயலுமா என்பதை அவர் முதலில் ஆராய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றத் திருத்தம் தேவைப்படாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு விதிகள் இயற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. அடுத்த மே மாத எச்சரிக்கை அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே அதனைச் செய்துவிடலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), சங்கரன்கோவில்.