குடியில் ஏது சத்து?

“ஒயின் மதுவல்ல, மருந்து. திராட்சையின் சத்தெல்லாம் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் சாப்பாட்டோடு குடித்து நெடுநாள் வாழவில்லையா?” திருவெறும்பூரில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர் நடுவே இப்படி ஒரு பேச்சு உலவுகிறது. படித்தவர் சொல்கிறார், பாட்டாளி நம்புகிறான். இந்த நம்பிக்கை அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

கதை பிறந்த இடத்தைப் பார்ப்போம். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையத் தின்னும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்பு குறைவு, அதற்குச் சிவப்பு ஒயின் காரணமாகலாம் என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று சொன்னது. மறுகணமே அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. அளவாகக் குடிப்போருக்கு இதயநோய் குறைவு என்று காட்டிய ஆய்வுகள் பல உண்டு, மறைக்கவில்லை நாம். ஆனால் அவற்றுள் பலவற்றில், நோய் வந்து குடியை விட்டவர்களையும் ‘குடியாதவர்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நோயாளியோடு ஒப்பிட்டால் குடிப்பவன் நலமாகத்தானே தெரிவான்? மேலும், அங்கே அளவோடு ஒயின் அருந்துவோரில் வசதி படைத்தவர் அதிகம். நல்ல உணவும் நல்ல மருத்துவமும் தந்த ஆயுளை, கோப்பை தந்ததாக எழுதிவிட்டார்கள்!

சத்துக் கணக்கைப் பார்ப்போமா? 150 மில்லி ஒயினில் சுமார் 120 கலோரி உண்டு. அதில் பெரும்பகுதி சாராயச் சத்தின் எரிபொருள். புரதமோ கால் கிராம்கூட இல்லை. ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12 கிராம் புரதம் இருக்கிறது! ஒயினின் பெருமையாகச் சொல்லப்படும் ‘ரெஸ்வெரட்ரால்’ ஒரு லிட்டரில் சில மில்லிகிராம்தான். அது வேண்டுமென்றால் திராட்சையையே தின்னலாமே! கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை நம் சந்தைக்கே வருகிறது. போதாக்குறைக்கு, உண்ட உணவிலுள்ள பி வைட்டமின்கள் உடலில் சேர்வதையும் மது கெடுக்கிறது. சத்துத் தருவது இருக்கட்டும். இருக்கும் சத்தையும் பறிக்கிறது!

நம் ஊர் நிலைமை இன்னும் வேறு. ‘ஒயின்ஷாப்’ என்று நாம் சொல்லும் கடையில் தொழிலாளி வாங்குவது ஒயினா? பிராந்தியும் ரம்மும்தான்! ஒரு கோப்பை ஒயினில் ஏறக்குறைய 14 கிராம் சாராயச் சத்து. 180 மில்லி ‘குவார்ட்டர்’ பிராந்தியிலோ 60 கிராம். நாலு கோப்பைக்கும் மேல்! சீமான் சாப்பாட்டு மேசைக்குச் சொன்ன சமாதானத்தைக் காட்டி, ஏழையின் கையில் நாலு மடங்கு நஞ்சைத் திணிக்கிறார்கள்.

அந்தச் சமாதானமும் இன்று செல்லாது. மதுவகைகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே முதல் பட்டியலில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழல், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒயினானால் என்ன, கள்ளானால் என்ன, பிராந்தியானால் என்ன? உள்ளே இருப்பது ஒரே சரக்கு.

பெல் ஆலையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் துவாக்குடிப் பட்டறைகளிலும் இரும்போடும் வெப்பத்தோடும் போராடுகிறவன் நம் தோழன். வியர்வையில் நீரை இழந்த உடலிலிருந்து மது மேலும் நீரை வெளியேற்றுகிறது. உறக்கத்தைக் கெடுக்கிறது, மறுநாள் எந்திரத்தின் முன் கை தடுமாறுகிறது. உடல்வலி தீரவில்லை, மரத்துப்போகிறது. அவ்வளவே!

அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். மக்களின் ஊட்டத்தை உயர்த்துவதையும் மதுவிலக்குக்கு முயல்வதையும் ஒரே பிரிவில் வைத்தார்கள் பெரியோர். சத்தும் சாராயமும் ஒரே வீட்டில் வாழா என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இங்கோ 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். 2023–24-ல் மட்டும் அதனால் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணம் யார் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது? பாலுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் போயிருக்க வேண்டிய கூலியல்லவா அது?

தோழர்களே! குடிப்பவனை ஏசுவதால் பயனில்லை, அவன் நம்மவன். ஆலை வாயிலிலும் சங்கக் கூட்டத்திலும் இந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லுங்கள். நெடுநாள் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, டாக்டரின் துணையோடு விடச் செய்யுங்கள். கேன்டீனில் பருப்பும் முட்டையும் தரமாகக் கிடைக்கக் கேளுங்கள். குடிப்பழக்க மருத்துவத்துக்கு நிதி ஒதுக்க அரசைக் கேளுங்கள். கூலி உயர்வுக்காகப் போராடும் கைகள், உயர்ந்த கூலியை வீடு கொண்டு சேர்க்கவும் பழக வேண்டும்!