ஜெபமும் சிகிச்சையும்: முதலில் அறிபவர் யார்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஏவன்டேலில் சமோவா, தொங்கா, இந்தியா, சீனா எனப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழ்கின்றனர். இத்தகைய புறநகர்ப் பகுதிகளில், புதிதாக வந்து சேரும் கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தாய்மொழி பேசும் திருச்சபையே உறவினர் வீடாகவும் அமைகிறது. வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால், அச்செய்தி குடும்ப மருத்துவரை எட்டுவதற்கு முன்பே ஜெபக்குழுவை எட்டிவிடுவதும் உண்டு.

நோய் தீர ஜெபிப்பதை நியூசிலாந்துச் சட்டம் தடுப்பதில்லை. அந்த ஜெபம் சிகிச்சைக்குத் துணை நிற்கிறதா அல்லது சிகிச்சையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. நோயாளி குழந்தையாக இருக்கும்போது இக்கேள்வி கூர்மையடைகிறது.

2000ஆம் ஆண்டின் தீர்ப்பு

ஆக்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் காலில் ஏற்பட்ட புற்றுநோய்க் கட்டியால் 1999ஆம் ஆண்டில் உயிரிழந்தான். சமோவாவைச் சேர்ந்த அவனது பெற்றோர், மருத்துவமனைப் பரிசோதனைகளுக்குப் பின் அவனை மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவில்லை. மகனே அங்கு செல்ல விரும்பவில்லை என்றும், தாங்கள் கடவுளை நம்பியிருந்ததாகவும் அவர்கள் கூறினர்.

கொலையாகாத மரணம் விளைவித்ததாகச் சாட்டப்பட்ட குற்றத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆனால், உயிர்வாழ்வுக்கு அவசியமானவற்றை மகனுக்கு வழங்கத் தவறியதாகக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

பிள்ளையை வெறுத்த பெற்றோராக யாரும் அவர்களைக் கருதவில்லை. அன்பும் விசுவாசமும் இருந்தும் பிள்ளை இறந்துபோனான் என்பதே இவ்வழக்கு ஏற்படுத்திய சங்கடம்.

சட்டத்தின் இரு வழிகள்

மருத்துவச் சிகிச்சையை மறுக்கும் உரிமையை நியூசிலாந்தின் 1990ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கிறது. வயதுவந்த ஒருவர் தமக்கு மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று முடிவெடுக்கலாம். பிள்ளைக்காக அம்முடிவை எடுக்கும் அதிகாரத்துக்கோ எல்லை உண்டு. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பெற்றோர் தம் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுவதை எதிர்த்த வழக்கில், மத உரிமை பிள்ளையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு நீளாது என்று 1996ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

மதக் காரணம் முதன்மையாக இல்லாத மற்றொரு வழக்கிலும் இதே அணுகுமுறை காணப்பட்டது. கோவிட் தடுப்பூசி போட்டவர்களின் இரத்தம் வேண்டாம் என்று ஒரு கைக்குழந்தையின் பெற்றோர் மறுத்தனர். 2022 டிசம்பரில் ஆக்லாந்து உயர்நீதிமன்றம் அக்குழந்தையைத் தற்காலிகமாக நீதிமன்றப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இருதய அறுவைச் சிகிச்சையும் நடைபெற்றது.

இவ்விரு வழக்குகளிலும் நீதிமன்றம் முன்கூட்டியே தலையிட்டது. 2000ஆம் ஆண்டு வழக்கில் சிறுவனின் மரணத்துக்குப் பின்னரே விவகாரம் நீதிமன்றத்தை எட்டியது. முதலாவது வழி குழந்தையைக் காக்கிறது. இரண்டாவது வழியால் பெற்றோரைத் தண்டிக்க மட்டுமே முடிகிறது. ஆனால் முதல் வழி திறக்க வேண்டுமானால் யாரேனும் ஒருவர் உரிய நேரத்தில் வாய் திறக்க வேண்டும்.

அமெரிக்காவில், 1974ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியைத் தொடர்ந்து பல மாநிலங்கள் ஜெபத்தை மட்டும் நம்பும் பெற்றோருக்குச் சட்ட விலக்கு அளித்தன. குழந்தைகளின் மரணங்களுக்குப் பின் ஓரிகன் மாநிலம் 2011ஆம் ஆண்டில் அத்தகைய விலக்கை நீக்கியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் அனுபவம்

தமிழர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. நெய்யூரில் 1838ஆம் ஆண்டில் மருத்துவப் பணி தொடங்கியதும், மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததும், வேலூரில் 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் சிறு மருத்துவமனையைத் தொடங்கியதும் கிறிஸ்தவ ஊழியத்தின் பகுதிகளாகவே நடந்தன. ஜெபித்துவிட்டே அறுவைச் சிகிச்சையைத் தொடங்கும் மரபு அது.

மறுபுறம், 1920களில் கொழும்பில் உருவான சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், மருந்தின்றித் தெய்வீக சுகத்தை மட்டும் நம்பும் ஒழுங்கைத் தன் ஊழியர்களுக்கு வகுத்தது. இரு தரப்பினரும் வேதத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். நோயாளிக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி கூறும் அதே புதிய ஏற்பாடு, லூக்காவை வைத்தியன் என்றும் அழைக்கிறது.

சபையின் பொறுப்பு

2021ஆம் ஆண்டில் கோவிட் தொற்று பரவியபோது, ஆக்லாந்தின் பசிஃபிக் தீவு மக்களின் திருச்சபைகள் பல தம் வளாகங்களிலேயே தடுப்பூசி முகாம்களை நடத்தின. அரசின் அறிவிப்புகளுக்குச் செவிசாய்க்கத் தயங்கியவர்களும் தமது போதகரின் சொல்லுக்குச் செவிசாய்க்கக்கூடும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் சபையின் பொறுப்பும் தங்கியிருக்கிறது. ஒரு குழந்தையின் நோயைப் பற்றி நீதிபதிக்கும் காவல்துறைக்கும் கடைசியாகத்தான் தெரியவருகிறது. ஜெபக் குறிப்பாக அதை முதலில் கேட்பவர்கள் சபையினரே. பிள்ளையின் தலைமீது கைவைத்து ஜெபிக்கும் போதகர், மருத்துவர் என்ன சொன்னார் என்று பெற்றோரிடம் கேட்பதால் அவரது விசுவாசம் குறைந்துவிடப்போவதில்லை. அவர் கேட்காமல் விட்டால், அக்கேள்வியைப் பின்னர் நீதிமன்றம் கேட்க நேரிடலாம். அப்போது பதிலால் பயனடையக் குழந்தை உயிரோடு இருக்காது.